விசா மாமாவும் வாகடுகு வெஞ்சனமும்

உலகத்தில் எத்தனை நாடுகள் என்று உங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு எண்ணிக்கை இருக்கும், பிள்ளைகளே. அதை முழுசாக நம்பாதீர்கள். எந்த ஊர் இருக்கிறது, எந்த ஊர் இல்லை என்று முடிவு செய்கிறவர் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கூரியர் கடையில் உட்கார்ந்திருக்கிறார். ஊர்ப் பெயர்களுக்கே விசா கொடுப்பதால் அவருக்கு விசா மாமா என்று பெயர்.

மதுரை, சென்னை, துபாய் என்றால் பேசாமல் வாங்கிக்கொள்வார். பெயர் கொஞ்சம் கோணலாக இருந்தால் போதும், பார்சலை நம் பக்கமே தள்ளிவிடுவார். அந்த ஊரிலிருந்து யாராவது போனில் வந்து, இன்றைக்கு என்ன வெஞ்சனம் என்று சொல்ல வேண்டும். வெஞ்சனம் என்றால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறி, குழம்பு. அதைச் சொன்னால்தான் சீல் விழும்.

“ஊருன்னு இருந்தா அடுப்பு இருக்கும்லப்பு? அடுப்பு இருந்தா வெஞ்சனம் இருக்கும். பேரை எவன் வேணும்னாலும் கட்டிவிடலாம்” என்பார்.

கன்னிவாடிக்காரர் ஒருவர் ஜிபூட்டி என்ற நாட்டில் இருக்கும் மகனுக்கு வேட்டி அனுப்ப வந்தார். “ஜிபூட்டியா? நம்ம ஊரு பூட்டுக்கடைப் பேரைக் கொண்டுபோயி நாட்டுக்கு வச்சிருக்கானா?” என்றார் மாமா. மகன் போனில் வந்து, “மீன் கொழம்பு மாமா” என்றான். ஜிபூட்டி பிழைத்தது.

கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் ‘ஜம்பலோனியா’ என்று ஒரு நாட்டை அவர்களாகவே உண்டாக்கி, கூட்டாளி ஒருவனைப் போனில் பிடித்துக் கொடுத்தார்கள். வெஞ்சனம் என்ன என்று கேட்டதும் அவன், “பிரியாணி” என்றான்.

“ஏலே, நான் வெஞ்சனம் கேட்டா நீ பிரியாணிங்கிற! பேகம்பூர்ல நின்னுக்கிட்டுப் பேசுறியா?”

எங்கள் ஊர்ப் பேகம்பூரில், பிரியாணிக் கடை வாசலில்தான் நின்றிருக்கிறான்!

ஒரு சனிக்கிழமை இவரிடம் நானும் மாட்டினேன். என் தங்கை கன்னியாஸ்திரி. ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோ என்ற நாட்டில், வாகடுகு என்ற ஊரில், ஆஸ்பத்திரி வேலை பார்க்கிறாள். காய்ச்சலில் படுத்துவிட்டாள். “நாக்கே செத்துப்போச்சுண்ணே. அம்மா போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தா ரெண்டு வாய் சாப்பிடுவேன்” என்று சொன்னவள், அதன்பிறகு ஐந்து நாளாகப் போனில் கிடைக்கவில்லை. வெளிநாட்டுப் பார்சல் வேன் ஐந்து மணிக்குக் கிளம்பும். விட்டால் அடுத்த சனிதான்.

மாமா முகவரியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “ஒண்ணு பொய்யின்னாலும் பரவாயில்ல. நாடும் பொய்யி, ஊரும் பொய்யி!”

“அண்ணே, என் கூடப்பொறந்தவ அங்க இருக்காண்ணே.”

“அப்பக் கூப்பிடு.”

கூப்பிட்டேன். மணியே போகவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினேன். வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். மாமா எழுந்துபோய் வேனுக்கு முன்னால் கையை விரித்து நின்றார். “செத்த நேரம் நில்லுப்பு! ஒரு ஊரு பொறக்கப்போகுது!”

ஏழாவது தடவை அவள் எடுத்தாள். நான் வாயைத் திறக்குமுன் மாமா ஓடிவந்து போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார். “சிஸ்டர், இன்னிக்கு என்ன வெஞ்சனம்?”

ஒரு மெல்லிய சிரிப்பு கேட்டது. “சோளக்களிக்கு வெண்டைக்காய்க் கொழம்புண்ணே. இன்னிக்குத்தான் கொஞ்சம் உள்ள எறங்குச்சு.”

எனக்கு மூச்சு வந்தது. மாமா துள்ளினார். “சோளக்களியா! அட, நம்ம வேடசந்தூர்ப் பக்கமாட்டமில்ல இருக்கு!” பார்சல் மேல் சீல் விழுந்த சத்தத்தில் டீ கிளாஸ் குதித்தது.

“இருங்கண்ணே,” என்றாள் தங்கை. “நீங்க கேட்டதை இங்க ஒரு குட்டிப்பொண்ணுகிட்டச் சொன்னேன். திண்டுக்கல்லுன்னு எல்லாம் ஒரு ஊர் இருக்காதாம். அங்க என்ன வெஞ்சனம்னு கேக்குறா.”

மாமா மேசையைப் பார்த்தார். சமைத்துப் போட ஆளில்லாத ஒண்டிக்கட்டை மனிதர். மேசையில் டீ கிளாஸும் கடித்த பன்னும் இருந்தன. “டீயும் பன்னும்தாம்மா” என்றார்.

அங்கே ஒரு குழந்தை கலகலவென்று சிரித்தது. “அப்பத் திண்டுக்கல் பொய்யாம்ணே!” என்றாள் தங்கை.

போனை என் கையில் கொடுத்துவிட்டு, பார்சலை வேன் வரைக்கும் அவரே தூக்கிக்கொண்டு போனார்.

ஊறுகாய் போய்ச் சேர்ந்தது. பாதி காலியான பாட்டிலைத் தங்கை படம் எடுத்து அனுப்பினாள்.

இப்போது தினமும் மத்தியானம் நான் அந்தக் கடைக்கு ஒரு தூக்குச்சட்டி கொண்டுபோகிறேன். இன்றைக்குப் பீர்க்கங்காய்க் கூட்டு. “எதுக்குப்பு இதெல்லாம்?” என்பார், மூடியைத் திறந்துகொண்டே.

நம்ம ஊர் பொய்யாகிவிடக் கூடாதில்லையா, பிள்ளைகளே.