மணப்பெண்ணின் வலது கன்னம்

ரிசப்ஷன் மேடை ஏறப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு மணப்பெண்ணை மூக்குச் சிந்த வைத்த பாவி நான்தான். அவளுக்கு அப்போது வயது இருபத்தாறு. எனக்கு நாற்பத்தேழு. இரண்டு பேரில் ஒருத்திக்காவது அந்த நேரத்தில் புத்தி வேலை செய்திருக்கலாம்.

அந்த வருடம்தான் எங்கள் விழுப்புரம் வீடு காலியானது. மகள் சென்னையில் வேலைக்குப் போய்விட்டாள். மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டான். இருபது வருடத்துக்கு மேல் டிபன் பாக்ஸ் கட்டிய கைக்குத் திடீரென்று வேலை இல்லை. வீட்டுக்காரர் ஆபீசுக்குக் கிளம்பும்போதெல்லாம் சட்டைப் பட்டன் உறுதியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். இரண்டு பட்டன் கையோடு வந்துவிட்டது. "நீ எதனா வேலைக்குப் போ. இல்லன்னா நான் ஹாஸ்டலுக்குப் போயிடறேன்" என்றார்.

அப்படித்தான் மூன்று மாத மணப்பெண் அலங்கார வகுப்பில் சேர்ந்தேன். சொல்லித்தந்த பெண்ணுக்கு என் மகள் வயது. நான் அவளை மேடம் என்பேன், அவள் என்னை ஆன்ட்டி என்பாள். "ஆன்ட்டி, முகத்தை ஒத்தித்தான் எடுக்கணும். தேய்க்கவே கூடாது" என்று அவள் சொன்னதை நோட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டேன். (அந்த நோட்டுக்கு அட்டை போட்டு லேபிளும் ஒட்டியிருந்தேன். பழக்கம் எங்கே போகும்?) சர்டிபிகேட் வந்த அன்று தங்கைக்குப் போன் செய்து, "இனிமே நான் யாருக்கும் அம்மா கிடையாது. தொழில்காரி" என்று அறிவித்தேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

முதல் ஆர்டர் திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபம். பெண் பெயர் ரேவதி, வானூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். நிச்சயத்துக்குப் பிறகு அவளும் மாப்பிள்ளையும் போனில் பேசியதெல்லாம் சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன் என்ற அளவோடு சரி. எனக்கோ அவள் முகம்தான் விளம்பரம். அது நன்றாக அமைந்தால் மண்டபத்தில் இருக்கும் பெண்களெல்லாம் என் நம்பரைக் கேட்பார்கள். சொதப்பினால் மறுபடி விழுப்புரத்தில் பட்டன் இழுக்க வேண்டியதுதான். 

இரண்டு மணி நேரம் வேலை பார்த்தேன். அவள் நிறத்துக்கு ஏற்ற ஃபவுண்டேஷன் ஒரே டப்பாவில் இல்லாததால், இரண்டைக் கலந்து பதம் பார்த்துப் பூசினேன். பொய் இமைமுடி ஒட்டினேன். கண்ணாடியில் தன்னைப் பார்த்த ரேவதி, "ஆன்ட்டி, நானா இது?" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது கதவு லேசாகத் திறந்தது. ரேவதியின் அப்பா. உள்ளே வரக் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றார். மகளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "எதனா சாப்ட்டியாம்மா?" என்றார். அவள் தலையசைத்தாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி போய்விட்டார்.

அவ்வளவுதான். ரேவதி உடைந்துவிட்டாள். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். பெட்டியில் டிஷ்யூ இருந்தது, பஞ்சு இருந்தது, இதற்கென்றே வாங்கிய ஸ்பான்ஜ் இருந்தது. என் இடது கை தானாக அவள் பின்னந்தலையைப் பிடித்தது. வலது கை என் முந்தானையை எடுத்து அவள் மூக்கில் வைத்தது.

"அழாத கண்ணு. ம்... சிந்து" என்றேன்.

அந்தப் பெண்ணும் சிந்தினாள். எவ்வளவு படித்தால் என்ன, ஒரு அம்மா முந்தானையை நீட்டிச் சிந்து என்றால் சிந்திவிடுகிற வளர்ப்பு. நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மூக்கிலிருந்து வலது காது வரை, கண்ணையும் சேர்த்து ஒரே இழுப்பாக அழுந்தத் துடைத்தும் விட்டேன்.

முந்தானையை விரித்துப் பார்த்தேன். அதில் ஃபவுண்டேஷன், உதட்டுச் சாயம், பாதிப் புருவம் எல்லாம் இருந்தன. ஒரு இமை குறுக்கே ஒட்டிக்கொண்டிருந்தது. ரேவதி கண்ணாடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வெளியே வீடியோக்காரர் கதவைத் தட்டி, "பொண்ணு ரெடிங்களா? ஜல்தி" என்றார்.

உதட்டையும் புருவத்தையும் இமையையும் எப்படியோ சரிக்கட்டினேன். கன்னம்தான் மாட்டிக்கொண்டது. கலந்து வைத்தது தீர்ந்துபோயிருந்தது. மறுபடி கலந்தால் அதே நிறம் வரவில்லை. பாதிச் சுவருக்கு அடித்து, மீதிக்கு வேறு கடையில் வாங்கின பெயிண்ட் கதை. இடது கன்னம் மாநிறத் தங்கம், வலது கன்னம் சாம்பல்.

"மாப்பிள்ளை எந்தப் பக்கம் நிப்பாரு?" என்றேன்.

"எனக்கு வலது பக்கம்."

"அப்ப நீ அவரைப் பாத்துக்கினே நில்லு. எது நடந்தாலும் திரும்பாத."

ரேவதி சொன்ன சொல் தட்டாதவள். இரண்டு மணி நேரம் மாப்பிள்ளை முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. யாராவது பரிசு கொடுக்க மேலே வந்தால் தலையைக் குனிந்துகொண்டாள். "என்னா வெக்கம் பாரு" என்றார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா பக்கத்து அம்மாவிடம், "லவ் மேரேஜாம். ஊட்ல மறைக்கிறாங்க" என்று அடித்துச் சொன்னாள். சபைக்கெல்லாம் தங்கக் கன்னம். சாம்பல் கன்னம் முழுவதும் மாப்பிள்ளை ஒருவருக்கே. அவர் முதலில் சிரித்தார், அப்புறம் வெட்கப்பட்டார், அப்புறம் கவலைப்பட ஆரம்பித்தார். தூணுக்குப் பின்னால் நின்ற நான் வேண்டாத சாமி இல்லை.

பந்தியில் அவர் மெதுவாகக் கேட்டாராம்: "தப்பா நெனைக்காதீங்க. முகத்துல அலர்ஜி எதனா..."

ரேவதி, முந்தானை உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவருக்குச் சிரிப்பில் புரையேறி, அவள் அவர் தலையில் தட்டி, இருவரும் விடிய விடியப் பேச வேண்டியதையெல்லாம் அந்த இலை முன்னாலேயே பேசித் தீர்த்தார்களாம். சாம்பார் ஆறிப்போனதாக மறுநாள் ரேவதியே எனக்குச் சொன்னாள். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

இப்போது நான் வேலைக்குச் சுடிதாரில்தான் போகிறேன். துப்பட்டாவும் கிடையாது. வீட்டில் யார் போட்டோவுக்கு நின்றாலும், "எந்தப் பக்கம் பெயிண்ட் காஞ்சிருக்கு?" என்று என் வீட்டுக்காரர் கேட்காமல் இருப்பதில்லை.

போன தையில் ரேவதியின் மாமியார் போன் செய்தார். சின்ன மகனுக்குக் கல்யாணம், நான்தான் வர வேண்டுமாம். "பெரிய மருமவ மேடையில எம்புள்ளைய பாத்தது பாத்தபடி நின்னா. ஆல்பத்தக் காட்டாத ஆளு கிடையாது. சின்னவளுக்கும் அப்டியே பண்ணிடுங்க."

ரிசப்ஷன் அன்று மாலை புதுப்பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்து ஸ்பான்ஜை எடுத்தேன். அவள் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஆன்ட்டி, அத்தை அந்த ஆல்பத்தைக் காட்டிக்கினே இருக்காங்க. ரேவதி அக்காவால எப்படி அப்படி நிக்க முடிஞ்சுது?"

பாவம், பயந்திருந்தாள். உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கண்ணாடியில் தன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப எனக்கும் வலது பக்கத்த பூசாம விட்டுடுங்க ஆன்ட்டி" என்றாள்.