சேவலுக்குப் புகை போட்ட பரம்பரை

கடிக்காது என்று நம்பி நாம் கிட்டே சேர்த்துக்கொள்ளும் பிராணிகளில் பெயர்ப் பூர்வீகக்காரர் என்று ஒரு ரகம் உண்டு. வாசகரே, நீங்களும் பார்த்திருப்பீர்கள். பரம சாது. ஆனால் உங்கள் குடும்பப் பெயரை மட்டும் அவர் காதில் போட்டுவிடாதீர்கள், போட்டீர்களோ, தொலைந்தீர்கள்! உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் எந்த மேட்டில் ஆடு மேய்த்தான், எந்தக் காலை நொண்டினான், எவனிடம் உதை வாங்கியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்று அவர் விஸ்தாரமாகச் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் காப்பியும் ஆறிப்போயிருக்கும், உங்கள் வம்சத்தின் மானமும் கப்பலேறியிருக்கும். அவருடைய வம்சம்? அது மட்டும் எப்போதும் ராஜவம்சம்.

இத்தாலியில் மிலானுக்கு வடக்கே இருக்கும் எங்கள் பிரியான்சாப் பக்கத்தில் இந்த ரகத்துக்கெல்லாம் தலைவர் சோபா வியாபாரி எவரிஸ்தோ ஃபூமகல்லி. பிறர் வீட்டுக் கதவுகளில் பதித்திருக்கும் பித்தளைப் பெயர்ப்பலகைகளை நின்று நிதானமாகப் படிப்பார். படித்தால் போகட்டும், மணியை வேறு அடிப்பார். மருந்துக்கடைக்காரர் கொலொம்போவிடம், "உங்க பேருக்குப் புறான்னு அர்த்தம். மிலான் அனாதை ஆஸ்பத்திரியோட அடையாளம் புறா. உங்க முப்பாட்டனை யாரோ அதோட வாசல்ல போட்டுட்டுப் போயிட்டாங்க, பாவம்!" என்று கடை நிறையக் கூட்டம் இருக்கும்போது சொன்னவர் இவர்தான். அன்றிலிருந்து அந்தக் கடையில் அவருக்குக் கிடைப்பது கசப்பு மருந்து மட்டுமே.

அவர் பெயரின் கதைக்கு வருவோம். எங்கள் பேச்சில் 'ஃபூமா' என்றால் புகை. 'கல்லி' என்றால் சேவல்கள். பழைய காலத்தில் ஆல்ப்ஸ் மலை தாண்டி வந்த கௌல் படையினருக்கும் அதே 'கல்லி'தான் பெயர். வம்பெல்லாம் இதில்தான். எவரிஸ்தோ கணக்கில், அவருடைய ஆதிப் பாட்டன் ஒரு படைத்தளபதி. ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை கிளப்பிக் கௌல் படையைத் தும்மத் தும்ம ஓட விட்டவன். அந்தப் படை ஓடவேயில்லை, இங்கேயே தங்கிவிட்டது, இங்கே பாதிப் பேர் அதன் வாரிசுகள் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? இன்றைக்கு இங்கே கல்லை விட்டெறிந்தால் ஒரு ஃபூமகல்லி தலையில்தான் விழும். அர்ஜென்டினாவில் எறிந்தாலும் அப்படியே. பஞ்சம் பிழைக்கக் கப்பலேறினார்கள் என்று ஊர் சொல்லும். நாடு பிடிக்கப் போனார்கள் என்று அவர் சொல்வார்.

இப்படிப்பட்டவருடைய மகள் ஒர்னெல்லா ஒரு கோழிப்பண்ணைக்காரர் மகனை விரும்பினாள். கல்யாணம் பேச, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு பண்ணை வீட்டில். கிளம்பும்போதே மனைவி எர்சிலியா சட்டைக்காலரைச் சரிசெய்கிற சாக்கில் அவர் கழுத்தைப் பிடித்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் வாய்க்குப் பூட்டு. புரிஞ்சுதாங்க?"

"அப்பா, எனக்கு அவன்தான். பேரு கீருன்னு ஆரம்பிச்சு கெடுத்துடாதீங்க" என்றாள் ஒர்னெல்லா.

புனித அம்புரோசியார் மேல் சத்தியம் செய்தார் எவரிஸ்தோ. குங்குமப்பூச் சோறு வந்தது, வாய் திறக்கவில்லை. முழுதாக வறுத்த கொழுத்த சேவல் வந்தது. அதற்கு மட்டும் திறந்தார். எதிரே உட்கார்ந்திருக்கும் ரீவா குடும்பத்தின் பெயருக்கு ஆற்றங்கரை என்று அர்த்தம், மீன் பொறுக்கியவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று நாக்கு துடிதுடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். அப்போது பையனின் தகப்பனார் ஒரேஸ்தே ரீவா, பேச்சுக்காக, பாவம், ஒன்றும் அறியாமல் கேட்டார்:

"ஃபூமகல்லின்னா என்னங்க அர்த்தம்?"

கேட்டே விட்டார்! எர்சிலியா மேசைக்கடியில் உதைத்த உதை மாப்பிள்ளைப் பையன் முழங்காலில் விழுந்தது. எவரிஸ்தோ முள்கரண்டியை வாளாகத் தூக்கி, வைக்கோலைக் கொளுத்தி, கௌல் படையை மலைக்கு அந்தப்புறம் விரட்டிவிட்டுத்தான் மூச்சு விட்டார். ஒரேஸ்தே மோவாயைச் சொறிந்தார்.

"எங்க பக்கம் வேற மாதிரில்ல சொல்வாங்க? கோழிக்கூண்டுக்குள்ள புகையைப் போட்டு, சேவல் மயங்கினதும் சாக்குல அள்ளிட்டு ஓடுற களவாணிப் பயலுக்குத்தான் அந்தப் பேருன்னு."

"என்னது? களவாணியா? எங்க பரம்பரையா?"

"நான் சொல்லலீங்க, ஊர் சொல்லுது. அப்புறம் நீங்க இப்ப முழுங்கினதும் என் சேவல்தானே!"

"எந்திரி எர்சிலியா! இந்தச் சம்பந்தமே வேணாம்!"

"போங்களேன்! போறப்ப சாக்கைத் தட்டிக் காட்டிட்டுப் போங்க!"

நாற்காலிகள் சரிந்தன. வெளியே பண்ணைச் சேவல்கள் கூட்டமாகக் கூவின. யார் கட்சி என்று தெரியவில்லை. எவரிஸ்தோ வாசற்படி வரை போய்விட்டார். பின்னால் ஒர்னெல்லாவின் குரல்.

"அப்பா! நான் உங்களுக்குப் பொண்ணா, இல்ல அந்தச் செத்துப்போன தளபதிக்குப் பொண்ணா?"

திரும்பினார். அழுது அழுது அவள் மூக்கு சிவந்திருந்தது. தளபதியை நினைத்தார். மகளைப் பார்த்தார். ஓர் அடி உள்ளே எடுத்து வைத்தார்.

"திருடன்தான்" என்றார், காலணியைப் பார்த்துக்கொண்டு.

"கேக்கலீங்க" என்றாள் எர்சிலியா.

"எங்க பாட்டன் கோழித் திருடன்! போதுமா?"

"சம்பந்தி!" என்று ஒரேஸ்தே பாய்ந்து கட்டிக்கொண்டார். "மிச்சச் சேவலையும் வெட்டுங்க!"

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. ஆசாமி திருந்தினாரா? நன்றாகக் கேட்டீர்கள்! கல்யாண விருந்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்: "சும்மா திருடன்னு நெனச்சுக்காதீங்க. ஒரு இறகு உதிராம தூக்குவாங்க! இத்தாலி பூரா எங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது. அர்ஜென்டினாவுக்கு ஏன் போனோம்? இங்க சேவல் தீந்துபோச்சு!"

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறேன். நாளைக்கு உங்கள் பெண்ணின் கல்யாணப் பேச்சில், எதிரே இருப்பவர் உங்கள் வீட்டுப் பெயருக்கு இப்படி ஓர் அர்த்தம் சொன்னால், "ஆமாம், எங்கள் பாட்டன் திருடன்தான்" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்வீர்களா? அந்தக் கிறுக்கர் சொல்லிவிட்டார். நீங்கள்? என்ன, "எங்க பூர்வீகம் அப்படியில்ல சார், உண்மையில என்னன்னா..." என்று தொடங்குகிறீர்களே!