ஹாஜியார் கேட்ட பிளேன்டி

டொக்டருக்கு முன்னால் இருக்கும் கதிரையில் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்கிறவனைப் போல ஒரு மடையன் உலகத்தில் இல்லை. அப்படி ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும். அவனுடைய இடது காலில் இப்போது மூன்று விரல்கள்தான் இருக்கின்றன. காலை ஆறு மணிக்கு அந்தக் காலுக்குச் சப்பாத்து மாட்டுகிறவன் நான்தான்.

கட்டுகஸ்தோட்டையில் எனக்கு ஒரு ஹாட்வெயார் கடை. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருப்பது தெரிந்தபோது எனக்கு வயது நாற்பத்தாறு. மருந்தும் சீனிக் கணக்கும் எழுத ஆஸ்பத்திரியில் தந்த கிளினிக் கொப்பியைக் கடையில் இரண்டு அங்குல ஆணிப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தேன். (ஆணி வாங்க வந்தவர்கள்கூட அதைக் கண்டதில்லை. அவ்வளவு நல்ல இடம்.) மூன்று மாதம் மருந்து குடித்தேன். உடம்பு சுகம்போல் தெரிந்ததும் விட்டுவிட்டேன். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

காரணம் என் மகள் ஷிபானா. அலவத்துகொடையில் நல்ல இடமொன்றில் அவளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம். பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளையின் மாமி, தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "குடும்பத்துல சீனி கீனி ஒண்டும் இல்லதானே?" என்று கேட்டார்.

"எங்கட பரம்பரையிலயே இல்ல" என்றேன். என் வாப்பா சீனியில்தான் மௌத்தானார்.

நிக்காஹ்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது மாப்பிள்ளையின் வாப்பா, எல்லாரும் ஹாஜியார் என்று கூப்பிடுகிறவர், கல்யாண மண்டபம் பார்க்க என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அவருக்கு என்னைவிடப் பதினைந்து வயது அதிகம். நல்ல மழை. வளைவொன்றில் கார் சறுக்கி மதிலில் மோதியது. ஹாஜியாரின் வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்துவிட்டது. எனக்கு இடது பெருவிரலில் நகம் பெயர்ந்து ஒரு சின்னக் காயம். ஹாஜியார் வலியில் கலிமா சொல்லிக்கொண்டிருந்தார். நான் என் விரலைப் பார்த்து, இவ்வளவுதானா என்று சந்தோஷப்பட்டேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். இளம் டொக்டர் ஒருவர் முதலில் என்னிடம் வந்தார்.

"சீனி, பிரஷர் ஏதும் இருக்கா?"

பக்கத்துக் கட்டிலில் சம்பந்தி. அவர் காது இரண்டும் நல்ல சுகம்.

"ஒண்டுமே இல்ல டொக்டர். இரும்பு மாதிரி ஈக்கிறேன்."

மருந்து கட்டி, ஊசி போட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். டொக்டர் அடுத்ததாக ஹாஜியாரின் பக்கம் திரும்பினார். ஹாஜியார் உடனே என்னைப் பார்த்து, "தம்பி, எனக்கொரு பிளேன்டி எடுத்துட்டு வாங்களேன்" என்றார்.

கால் முறிந்து கிடக்கும் மனிதனுக்கு இப்போது என்ன பிளேன்டி! ஆனாலும் சம்பந்தி கேட்டால் மறுப்பதா? நொண்டி நொண்டி கன்டீனுக்குப் போய், அந்தப் பால் போடாத தேத்தண்ணியைக் கை சுடச் சுடக் கொண்டுவந்தேன். ஒப்பரேஷன் இருக்கிறது, ஒன்றும் குடிக்கக் கூடாது என்று நர்ஸ் என்னை ஏசினார். அந்தப் பிளேன்டியை நானே குடித்தேன். சீனி மூன்று கரண்டி.

பிறகு வாராவாரம் ஹாஜியாரை நலம் விசாரிக்கப் போனேன். அங்கே எப்போதும் கருப்பட்டி போட்ட இனிப்பு வட்டிலப்பம் இருக்கும். "எனக்கு வயிறு செரியில்ல, தம்பிக்கு வெய்ங்க" என்று ஹாஜியார் தன் பங்கையும் என் பக்கம் தள்ளுவார். நான் அதையும் தின்பேன். மாட்டேன் என்றால் சந்தேகம் வருமே! என் விரலைப் பற்றிக் கேட்டால், "வலியே இல்ல ஹாஜியார்" என்று பெருமையடிப்பேன். உண்மையிலேயே வலிக்கவில்லை. சீனி ஏறி அந்தக் கால் மரத்துப் போயிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

இரண்டாம் மாதம் ஹாஜியார் ஊன்றுகோலோடு முற்றத்தில் நடந்தார். என் விரல் கறுத்துவிட்டது. மூன்றாம் மாதக் கடைசியில் மனைவி ஒருநாள் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, வாடையில் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்றே ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்தார்கள். இரத்தத்தைப் பார்த்த டொக்டர், "இத்தனை நாள் எங்கே இருந்தீங்க?" என்று கேட்டார். கணுக்காலுக்கு மேலே மையால் ஒரு கோடு போட்டு, விரல்களோடு நிற்காவிட்டால் இதுவரைக்கும் எடுக்க வேண்டிவரும் என்றார். வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்ததில்லை. பெருவிரலையும் அடுத்ததையும் எடுத்தார்கள். அல்லாஹ்வின் கிருபை, கோடு கோடாகவே இருந்தது.

அந்த வாரம்தான் நிக்காஹ். நாளை மாற்ற நான் விடவில்லை. என் ஒரே மகளை மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நான் ஒப்படைக்க வேண்டும். எனக்குப் பதிலாக என் கூடப்பிறந்த நாநா பிடித்தார். கால் முறிந்தவர் பள்ளிவாசலுக்கு நடந்து போனார்; நகம் பெயர்ந்த நான் வாட்டில் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அன்று போர்வைக்குள் நான் அழுததை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

பள்ளியிலிருந்து ஹாஜியார் நேரே என்னிடம் வந்தார். கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய சீனிக் கணக்குத் தாளைப் பார்த்தார். ஒளிக்க இனி ஆணிப் பெட்டி இல்லை. கல்யாணம் முறிந்தது என்றே நினைத்தேன். அவர் ஜுப்பாப் பையிலிருந்து மூலை மடிந்த ஒரு கிளினிக் கொப்பியை எடுத்து என் நெஞ்சில் வைத்தார்.

"எனக்குப் பதினெட்டு வருஷம் தம்பி. ஒரு கிளினிக் விட்டதில்ல. ஒங்களுக்குத் தெரிஞ்சா பொண்ணு தரமாட்டீங்க எண்டு பயந்துதான் செல்லல்ல."

நான் கொப்பியைப் பிரித்துப் பார்த்தேன்.

"டொக்டர் கேக்கக்குள்ள ஒங்கள என்னத்துக்குப் பிளேன்டிக்கு அனுப்பினேன் எண்டு நெனச்சீங்க? நானும் பொய்க்காரன்தான். ஆனா டொக்டருக்கிட்ட இல்ல."

இப்போது எங்கள் இருவருக்கும் ஒரே நாளில்தான் கிளினிக். ஒரே பஸ்ஸில் போகிறோம். இந்தக் கதை இரண்டு வீட்டுக்கும் தெரியும். யாருக்குக் காய்ச்சல் வந்து டொக்டரிடம் கிளம்பினாலும், "வாப்பாவ மொதல்ல பிளேன்டிக்கு அனுப்புங்க" என்று ஷிபானா ஆரம்பித்துவிடுவாள். கிளினிக்கில் என் நம்பரைக் கூப்பிட்டால் போதும், ஹாஜியார் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு எழும்பி, வரிசை முழுவதும் கேட்கும்படி சொல்வார்:

"தம்பி, நான் பிளேன்டிக்குப் போறேன். நீங்க உள்ளுக்குப் போய் உண்மையச் செல்லுங்க."