முதுகில்லாத ரயிலடி

ஏழு கடல் தாண்டியெல்லாம் இல்லை, கொஞ்சம் பக்கத்திலேயே முகமண்டலம் என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அரண்மனைக்கு யாரும் முதுகு காட்டக் கூடாது என்பது அங்கே பரம்பரை வழக்கம். கடைக்குப் போகிறவர்கள்கூடப் பின்பக்கமாகவே நடந்து போய்ச் சாக்கடையில் விழுவார்கள். எழுந்ததும் அரண்மனையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார்கள்.

அங்கே முதல் ரயிலடியைக் கட்டும் வேலை விடங்கன் என்ற கட்டடக் கலைஞருக்கு வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் மகளைக் கட்டிக்கொடுத்திருந்தார். பேத்தி பிறந்து இன்னும் முகம் பார்க்கவில்லை. முதல் ரயிலிலேயே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று தவியாய்த் தவித்தார் மனுஷர்.

வரைபடத்தைப் பார்த்ததும் திவான் பேரின்பராயர் அலறினார். "என்ன அக்கிரமம்! ரயிலடிக்கு முதுகு இருக்கிறதே!"

"கட்டடம்னா பின்பக்கம் இருக்கத்தானே எசமான் செய்யும்?"

"எதிரி நாட்டுக் கட்டடத்துக்கு இருக்கும். நமக்கு நாலு பக்கமும் முகப்புதான்!"

நாலு முகப்புக்கும் கல் போதவில்லை. ஆற்றுப் பாலத்துக்கு வைத்திருந்ததை அள்ளிக்கொண்டார்கள். ரயில்தான் வரப்போகிறதே என்று மாட்டு வண்டிக்கும் படகுக்கும் தடை விழுந்தது. சந்தைக்குப் போக வழியில்லாமல் கத்தரிக்காய் வீட்டிலேயே அழுகியது. 

திறப்பு விழாவில் விடங்கன் திவானிடம் மெதுவாகக் கேட்டார். "பாலம் முடிஞ்சிடுச்சா, எசமான்?"

"முடிந்துவிட்டது என்று நேற்றே அறிவித்தாயிற்றே!"

பேத்தி ஆசையில் விடங்கன் ஏறிவிட்டார். புறப்படும் ரயிலும் முதுகு காட்டக் கூடாதல்லவா? இன்ஜினை அரண்மனையைப் பார்த்தபடி மாட்டி, பின்பக்கமாகவே ஓட்டினார்கள். டிரைவர் முதல் பயணிகள் வரை எல்லோரும் அரண்மனையைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆகா, எவ்வளவு வேகமாக முன்னேறுகிறோம்!" என்றார் திவான்.

விடங்கனுக்கு மனசு கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தார். தூரத்தில் தண்டவாளம் ஆற்றங்கரையோடு நின்றிருந்தது.

"ஐயோ, பாலம் இல்ல! எல்லாரும் திரும்பிப் பாருங்க!"

"அடப்பாவி, முதுகைக் காட்டிட்டானே!" என்று பக்கத்தில் இருந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ராஜத் துரோகி! இவனைத் தள்ளிவிடலாம் என்பவர்கள் கை தூக்குங்கள்!" என்றார் திவான்.

அத்தனை கையும் எழுந்தது. விடங்கன் ஒரு வைக்கோல் போரில் போய் விழுந்தார். நீந்தியாவது பேத்தியைப் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஜனங்களை நினைத்துத்தான் அவருக்கு அழுகை முட்டியது. இரண்டு கையையும் ஆட்டி, "நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே ரயிலின் பின்னால் ஓடினார்.

ஆள் திருந்தி வழியனுப்ப வந்துவிட்டான் என்று நினைத்து, பயணிகளும் அவருக்கு உற்சாகமாகக் கையாட்டினார்கள்.