மேல் ஏரிக்கு இடமாற்றம்

மண்டபத்துக்கு வெளியே வரிசை மூன்று தெருவுக்கு நீண்டிருந்தது. எல்லோர் கையிலும் செத்துப்போன ஒருவரின் புகைப்படம். உள்ளே ஞானக்கண் ஐயா. படத்தைக் கொடுத்துவிட்டு வந்தால் போதும், மறுநாளே அந்த ஆள் சொர்க்கத்தில் நிற்கும் வண்ணப்படம் கைக்கு வரும். ஊதா வானம், அந்தரத்தில் தொங்கும் மலை, அதிலிருந்து கொட்டும் அருவி. அந்தரத்து மலைக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்க வரிசையில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அக்காவும் ஒரு படம் வாங்கி வந்தாள். அதில், போன வருடம் இறந்த அத்தான்.

தங்கைக்கு ஸ்டுடியோவில் வேலை. கணினியில் பருவை அழிப்பாள், வழுக்கையில் முடி வைப்பாள், கோட்டே இல்லாதவருக்குக் கோட்டு மாட்டுவாள். படத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, அத்தான் நிழல் இடப்பக்கம் விழுது. மரத்து நிழல் வலப்பக்கம் விழுது. ரெண்டு படத்தை ஒட்டியிருக்கான்."

"சொர்க்கம்டி அது. ரெண்டு சூரியன் இருக்கும்."

தங்கை மரத்து நிழலில் விரலை வைத்துக் காட்டினாள். அக்கா அதைப் பார்க்கவே இல்லை.

"அவரு இப்ப அடிவாரத்துலதான் இருக்காராம். மலை உச்சியில இருக்கற மேல் ஏரிக்கு மாத்தணும்னா ஐயாவுக்குக் காணிக்கை வைக்கணுமாம். தையல் மெஷினை வித்துடப் போறேன்."

அந்த மெஷின்தான் அக்காவுக்கும் இரண்டு பெண்களுக்கும் சோறு போடுகிறது. சொர்க்கத்திலும் இடமாற்றத்துக்கு லஞ்சமா என்று தங்கைக்கு ஆத்திரம்.

"ரெண்டே நாள் பொறுத்துக்கோக்கா" என்று கெஞ்சினாள்.

ஸ்டுடியோவுக்குப் போய், ஐயாவின் சுவரொட்டிப் படத்தைக் கணினியில் ஏற்றினாள். மார்பு வரை தொங்கிய தாடியை அழித்தாள். தோளில் புரண்ட முடியை வழித்து வழுக்கையாக்கினாள். மூக்குக்கண்ணாடி, கோட்டு, டை எல்லாம் மாட்டினாள். "எங்க பெரியப்பா, காலமாயிட்டார்" என்று ஐயாவிடமே கொண்டுபோய்க் கொடுத்தாள். நூறு படத்தோடு நூற்றொன்றாக அதுவும் அருவிக்கரையில் ஒட்டப்பட்டது.

மறுநாள் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனாள். மண்டபம் நிரம்பி வழிந்தது. ஐயா பெரியப்பா படத்தை நெஞ்சில் வைத்து உருகினார்.

"நல்ல ஆத்மாம்மா! ஜென்மத்துல ஒரு பொய் சொன்னதில்ல. பேசினேன், அழுதுட்டார்."

"முகத்தை நல்லாப் பார்த்தீங்களா ஐயா?"

"நேருக்கு நேரா!"

தங்கை கைப்பையிலிருந்து கறுப்பு மார்க்கரை எடுத்தாள். எல்லோர் முன்னாலும் சொர்க்கத்துப் பெரியப்பாவுக்குத் தாடி வரைந்தாள். தோள் வரை முடி வரைந்தாள். படத்தை ஐயாவின் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள்.

முன்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். அப்புறம் மண்டபமே சிரித்தது.

"ஐயா, நீங்க எப்ப செத்தீங்க?" என்று ஒரு குரல் கேட்டது. ஐயா பின்கதவைத் தேடினார்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப அவரு எங்கயும் நிக்கலையாடி?"

"இல்லக்கா."

வீட்டுக்கு வந்ததும் அக்கா கத்தரிக்கோலை எடுத்து அத்தானை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டாள். சொர்க்கம் குப்பைக்கூடைக்குப் போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாதியில் கிடந்த சட்டையைத் தைக்க உட்கார்ந்தாள்.

தன் மூஞ்சியே தனக்குத் தெரியாதவனுக்கு ஞானக்கண் என்று பட்டம் கொடுத்தவர்களே, உங்களுக்கும் கண் இரண்டு இருக்கிறது. அதற்குப் பின்னால் மூளை என்று ஒன்றும் இருக்கிறதாம். செத்த பிறகு அதற்கு வேலையே இல்லை. இப்போதே கொஞ்சம் உபயோகித்துப் பாருங்கள்!