எமகண்டத்துக்கு முன்னால் ஏறியவன்

எனக்கு உயரம் என்றால் பயம். இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது இதுதான் முதல் தடவை. எந்த வீட்டு பால்கனிக்குப் போனாலும் தொட்டிச் செடிகளில் அக்கறை உள்ளவன்போல் சுவரோரமாகவே நிற்பேன். சிறுசேரியில் என் அலுவலகம் ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. ஜன்னலோர இருக்கையை ஜூனியர்களுக்கு விட்டுக்கொடுக்கும் பெருந்தன்மையான மனிதர் என்று அங்கே எனக்கு ஒரு பெயர் உண்டு. (அப்ரைசலில்கூட எழுதியிருந்தார்கள். நான் மறுக்கவில்லை.)

இது என் மனைவி வசந்திக்குத் தெரியாது என்று பதினோரு வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தேன். கல்யாணமான புதிதில் மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தில் ஏறும்போது பாதிப் படியில் என் முழங்கால்கள் வேலைநிறுத்தம் செய்தன. "ஷூ லேஸ் அவிழ்ந்துடுச்சு, நீ போ, கட்டிட்டு வர்றேன்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் மேலே போய், நாலு பக்கமும் பார்த்து, இறங்கி வரும்வரை கட்டிக்கொண்டே இருந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்துவிட்டதாக நினைத்தேன்.

வசந்தி எனக்கு நேர் எதிர். செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இதுவரை விமானம் ஏறியதில்லை. கூடுவாஞ்சேரியில் எங்கள் மொட்டை மாடிக்கு மேலே விமானம் போனால், கையில் இருக்கும் ஈரத் துணியை அப்படியே பிடித்துக்கொண்டு, அது புள்ளியாகி மறையும்வரை பார்த்துவிட்டுத்தான் கொடியில் போடுவாள். அதனால்தான், ஈ.சி.ஆர். ஓரம் ஒரு மைதானத்தில் பொங்கல் லீவுக்கு வெப்பக்காற்று பலூன் விடுகிறார்கள், சூரியன் உதிக்கும் நேரத்தில் கூடையில் நின்றபடி மேலே போய்ப் பார்க்கலாம் என்று போனில் விளம்பரம் வந்ததும், அதை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"போலாங்க" என்றாள். கேள்விக்குறி கிடையாது.

"தாராளமா" என்றேன். என் குரல்தான் அது. இன்றும் சந்தேகமாக இருக்கிறது.

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு இரண்டு டிக்கெட். மறுநாள் வெள்ளியோடு பலூன்காரர்கள் மூட்டை கட்டுகிறார்கள், அன்றைக்கு ஒரு இடம்கூட பாக்கி இல்லை. மாமல்லபுரத்தில் லாட்ஜில் அறை போட்டோம். செய்யூரிலிருந்து என் மாமனாரும் வேடிக்கை பார்க்க வந்து சேர்ந்தார். வேர்க்கடலை பயிரிடுகிறவர். விதைப்பதிலிருந்து பல் பிடுங்குவதுவரை எதையும் நேரம் பார்க்காமல் செய்யமாட்டார். தினசரி காலண்டரில் அந்த வாரத்துத் தாள்களைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார்.

என் சரித்திரத்திலேயே மிகக் கேவலமான யோசனை எனக்கு அப்போதுதான் உதித்தது.

புதன்கிழமை சாயந்திரம் கடற்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தோம். போகிறபோக்கில் சொல்வதுபோல், "ஏன் மாமா, நாளைக்கு வியாழன்தானே?" என்றேன்.

மாமா பஜ்ஜியைக் கீழே வைத்தார். பைக்குள் கைவிட்டுத் தாளை எடுத்துக் கையை எட்ட நீட்டிப் படித்தார்.

"இன்னா மாப்ள இது! ஆறுலேர்ந்து ஏழரை வரிக்கும் எமகண்டம் கீது. தரையில போற பஸ்ஸையே நான் அந்த நேரத்துல ஏறமாட்டேன். நீங்க வானத்துக்குப் போறேன்றீங்க?"

"அப்படியா மாமா? அடடா. நான் பாக்கவே இல்லையே" என்றேன். வருத்தமான முகம் எனக்கு நன்றாக வரும்.

வசந்தி பஜ்ஜியைக் காகிதத்தோடு மடித்துவிட்டுக் கடலைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு லேசாகக் குத்தத்தான் செய்தது. ஆனால் குத்தல் தரையில் இருக்கும்போது வருவது, தாங்கிக்கொள்ளலாம்.

மகள் முகத்தைத் தாங்கமுடியாதவர் மாமாதான். ஐந்து நிமிடம் தாடையைச் சொறிந்தார். பிறகு தொடையில் தட்டினார்.

"பரஸ்தானம் வெச்சிடலாம்!"

தெரியாதவர்களுக்கு: கெட்ட நேரத்தில் பயணம் கிளம்ப வேண்டி வந்தால், நல்ல நேரத்திலேயே ஒரு பையையோ துணியையோ முன்கூட்டி வெளியே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அப்போதே கிளம்பியதாகக் கணக்கு. அப்புறம் ஆள் எப்போது போனாலும் தோஷமில்லை.

"ஆறு மணிக்கு முன்னாடி மாப்ள பலூன்ல ஏறிக் குந்திக்கட்டும். பாப்பாவோட பை ஒண்ணு கையில இருக்கட்டும். ரெண்டு பேரும் கெளம்பினதா அர்த்தம். அதுக்கு மேல அது எப்ப பறந்தா நமக்கு இன்னா?"

வசந்தியின் முகம் மலர்ந்தது. எனக்கு மட்டும் மிளகாயின் காரம் அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை ஐந்தேமுக்காலுக்கு மைதானத்தில் இருந்தோம். இன்னும் இருட்டு. பலூன் நிற்கும் என்று நினைத்துப் போனால், அது பந்தல்காரர் விரித்த துணிபோலத் தரையில் நீளமாகக் கிடந்தது. அதன் வாயருகே பிரம்புக் கூடை, ஒருக்களித்துப் படுத்திருந்தது. முதலில் பெரிய ஃபேன் வைத்துத் துணிக்குள் காற்றடிப்பார்களாம். பிறகு பர்னரைக் கொளுத்தினால் துணி எழும். அதோடு கூடையும் நிமிரும். ஆட்கள் ஏறுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

"அதெல்லாம் ஆறு மணிக்கு மேல ஆயிடும் மாப்ள" என்றார் மாமா, வாட்சில் டார்ச் அடித்து. "அஞ்சு அம்பத்தாறு ஆச்சி. படுத்துகினு இருந்தா இன்னா, அதுவும் பலூன்தான். ஏறுங்க."

ஆட்கள் எல்லாரும் துணியை இழுத்துக்கொண்டு அந்தக் கோடியில் இருந்தார்கள். வசந்தி, "ஏங்க, கேட்டுட்டு ஏறுங்களேன்" என்றாள். கேட்டிருக்கலாம். ஆனால் மாமனார் டார்ச் அடிக்கும்போது மருமகன் யோசிக்க முடியாது. அவள் ஹேண்ட்பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டேன். மாமா ஒரு எலுமிச்சம்பழத்தை என் பேண்ட் பையில் திணித்தார். (புது வண்டிக்குச் சக்கரத்தடியில் வைப்பது. இதற்குச் சக்கரம் இல்லாததால் நான்.) வலது காலை உள்ளே வைத்தேன்.

"கால் மட்டும் பத்தாது, உள்ள போங்க!"

கூடைக்குள் தடுப்பு வைத்து மூன்று அறைகள். நடுவில் பைலட்டுக்கு, இரண்டு பக்கமும் பயணிகளுக்கு. தரையோரமாக இருந்த அறைக்குள், லாரிக்கு அடியில் போகும் மெக்கானிக் மாதிரி தலையை முன்னே விட்டு நுழைந்து, முழங்காலை மடக்கிச் சுருண்டுகொண்டேன்.

"அம்பத்தெட்டு! கெளம்பியாச்சி!" என்று மாமா கைதட்டினார்.

சரி, கிளம்பியாகிவிட்டது, வெளியே வரலாம் என்று பின்னால் நகர்ந்தேன். ஹேண்ட்பேக்கின் வார் உள்ளே இருந்த கயிற்றுப் பிடியில் மாட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன். அதே நேரம் ஃபேனைப் போட்டார்கள். அரிசி ஆலைக்குள் உட்கார்ந்ததுபோல் ஒரு சத்தம். "மாமா!" என்று கத்தினேன். என் காதுக்கே கேட்கவில்லை. பிரம்பு இடுக்கு வழியாகப் பார்த்தால் மாமா என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டிருந்தார். வசந்தி கூப்பிட்டுக்கொண்டே துணி பிடித்தவர்களிடம் ஓடினாள், அந்தச் சத்தத்தில் யாரும் திரும்பவில்லை.

பைலட் நடு அறைக்கு வந்தார். ராஜஸ்தான்காரர். தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பஸ்தன் சுருண்டு கிடப்பது அவருக்குத் தெரியவில்லை. பர்னரைத் திறந்தார். தோசைக்கல்லுக்குக் கீழிருந்து உலகத்தைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு கூடை மெல்ல நிமிர ஆரம்பித்தது. கூடை நிமிர்ந்தது, நான் நிமிரவில்லை. தோள்பட்டையில் நின்று, கால்களை மேலே வைத்து, யோகா வகுப்பில் ஒருநாளும் வராத ஆசனம் ஒன்று தானாக வந்தது. பேண்ட் பையில் எலுமிச்சம்பழம் நசுங்கியது.

எங்களுக்குத் தெரியாத இன்னொரு நடைமுறையும் இருந்தது. பயணிகளை ஏற்றுவதற்கு முன், காற்று எப்படி இருக்கிறதென்று பார்க்க, கயிற்றில் கட்டியபடியே பைலட் மட்டும் ஒரு தடவை மேலே போய்ப் பார்ப்பாராம்.

உருண்டு புரண்டு நான் எழுந்து நின்றபோது நாலு மாடி உயரத்தில் இருந்தோம்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் திடீரென்று ஒரு தலை முளைத்தால் யார்தான் கத்தமாட்டார்கள்? "அரே! கோன் ஹை!" என்று, யாரென்று கேட்டு அவர் இந்தியில் கத்தினார். நானும் கத்தினேன். கீழேயிருந்து மூன்றாவதாக வசந்தியின் குரல் கேட்டது: "ஏங்க! என் பேக்! டிக்கெட் அதுலதான் இருக்கு!"

மாமா இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி, "நல்லபடியா போய்ட்டு வாங்க மாப்ள!" என்று வழியனுப்பினார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு கூடையின் அடியில் உட்கார்ந்துவிட்டேன். பைலட் நல்ல மனிதர். திட்டி முடித்ததும், "சார், சன்ரைஸ், லுக், பியூட்டிஃபுல்" என்றார். தடுப்பின் கீழ் இடுக்கு வழியாக அவருடைய இடது கால் ஷூ தெரிந்தது. லேஸ் அவிழ்ந்திருந்தது. கையை விட்டு அதைக் கட்டினேன். என் வாழ்க்கையில் உயரத்தில் வைத்து உண்மையாகவே கட்டிய ஒரே லேஸ் அதுதான்.

கூடை ஆட ஆரம்பித்தது. கடற்காற்று எழுந்துவிட்டது. பைலட் வாக்கி-டாக்கியில் ஏதோ சொன்னார், இறக்கிவிட்டார்கள். மைதானத்தில் சிவப்புக் கொடி ஏறியது. அன்றைக்கு இனி யாரும் பறக்க முடியாது. அன்று வானத்துக்குப் போன ஒரே பயணி நான்தான்.

கயிறு பிடிக்கும் ஆட்களின் தலைவர் ஏழுமலை. பக்கத்துக் குப்பத்துக்காரர். என்னைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, என் பேண்ட்டைப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, ரொம்ப பயந்துட்டியா?"

"எலுமிச்சம்பழம்" என்றேன்.

"சரி சரி, வுடு. நான் யாராண்டயும் சொல்லமாட்டேன்" என்றார், வரிசையில் நின்ற பதினைந்து பேருக்கும் கேட்கும்படி.

வசந்தி பையை வாங்கிக்கொண்டாள். "மேலேர்ந்து என்ன தெரிஞ்சுது?" என்று மட்டும் கேட்டாள்.

"ஷூ" என்றேன்.

அதற்கப்புறம் அவள் பேசவில்லை. லாட்ஜுக்கு வரும்வரை பேசவில்லை. நாஸ்தாவுக்குப் போன இடத்தில், "பொங்கலா, இட்லியா?" என்று நான் கேட்டதற்கு சர்வரிடம்தான் பதில் சொன்னாள். திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். ஈரத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே பார்க்கும் அந்த முகமே எனக்கு ஞாபகம் வந்துகொண்டிருந்தது. காபி வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எமகண்டத்தை மாமாவுக்கு ஞாபகப்படுத்தியது நான்தான், வேண்டுமென்றேதான், காரணம் எனக்கு உயரம் என்றால் பயம் என்று.

"தெரியும்" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"லைட் ஹவுஸ்லேர்ந்து. அன்னிக்கு நீங்க செருப்பு போட்டிருந்தீங்க."

நான் மேஜைக்கு அடியில் கால்களை இழுத்துக்கொண்டேன்.

"பயம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பாவைக் கூட்டிட்டு ஏறியிருப்பேன். நீங்க கீழயே நின்னிருக்கலாம். நான் ஒண்ணும் நினைச்சிருக்கமாட்டேன்" என்றாள். பக்கத்து மேஜையில் மாமா மூன்றாவது வடையில் முழுமூச்சாக இருந்தார், நல்லவேளை.

மத்தியானம் நான் மட்டும் மைதானத்துக்குப் போனேன். ஏழுமலை பலூன் துணியின் மேல் படுத்துப் பீடி பிடிக்கமுடியாத ஏக்கத்தில் இருந்தார். (பக்கத்திலேயே காஸ் சிலிண்டர்கள்.) நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், செருப்புவரை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எழுந்து உட்கார்ந்தார்.

"தோ பாரு. நாளைக்கு ஃபுல்லுதான். ஆனா அந்தம்மாவைப் பாத்தா பாவமா கீது. பைலட்டாண்ட சொல்லி மொத ட்ரிப்ல ஒரு ஆளை ஏத்திடறேன். ஒரு ஆளுதான். உன் டிக்கெட்டு முடிஞ்சிபோச்சி, நீதான் பறந்துட்டியே."

"நான் வரவே மாட்டேன்."

"வந்தாலும் வுடமாட்டேன். கூடையாண்டயே நீ வரக்கூடாது. அந்தாண்ட அந்த சவுக்கு மரத்துக்குப் பக்கத்துல நில்லு."

வெள்ளிக்கிழமை காலை. மாமா தாளை எடுத்துப் பார்த்து, நேரம் சுத்தமாக இருக்கிறது என்றார். வசந்தி, நிமிர்ந்து நின்ற கூடையில் எல்லாரையும்போல ஏறினாள். போகும்போது ஹேண்ட்பேக்கை என் கையில் கொடுத்தாள். காற்று அசையவில்லை. பலூன் ஒரு நிதானத்தோடு எழுந்தது. கடலுக்கு மேலே சிவப்பு வர ஆரம்பித்தபோது அவள் அதற்கு நேர் எதிரே இருந்தாள். நான் சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு (தரையில்தான், இருந்தாலும்) அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளியாகும் அளவுக்கு அது போகவில்லை. ஆனாலும் இறங்கும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை.

இறங்கி வந்தவள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். இந்தப் பேசாமை வேறு மாதிரி.

"என்ன தெரிஞ்சுது?" என்றேன்.

"கடல் வளைஞ்சு போறது தெரிஞ்சுது. சவுக்குத் தோப்பெல்லாம் கம்பளி விரிச்ச மாதிரி. அப்புறம் ஒரு மரத்தடியில ஒரு ஆளு, ஹேண்ட்பேக்கைக் கட்டிப்பிடிச்சுகிட்டு."

அந்தக் கதை நாங்கள் கூடுவாஞ்சேரி வருவதற்குள் செய்யூர் போய்ச் சேர்ந்துவிட்டது. எலுமிச்சம்பழப் பகுதியை மட்டும் அங்கே ஒருவரும் நம்பவில்லை. ஆனால் பரஸ்தானம் பலித்ததை எல்லாரும் நம்பினார்கள். எமகண்டத்தில் வானத்துக்குப் போன மாப்பிள்ளை ஒரு கீறல்கூட இல்லாமல் வந்தார் அல்லவா? அதனால் அந்தக் குடும்பத்தில் இப்போது கெட்ட நேரத்தில் யார் எங்கே கிளம்பினாலும் பை, துணியெல்லாம் வைப்பதில்லை. "மாப்ளைய முன்னாடி அனுப்பிடுங்க" என்கிறார்கள்.

இன்று திங்கட்கிழமை. ஏழரையிலிருந்து ஒன்பதுவரை ராகுகாலம். மச்சினன் வீட்டு விசேஷத்துக்கு நாங்கள் எட்டரைக்குக் கிளம்ப வேண்டும். ஆகவே ஏழு இருபதிலிருந்து நான் காரில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் வசந்தியின் ஹேண்ட்பேக். அதன் மேல் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவள் இன்னும் தலை துவட்டிக்கொண்டிருக்கிறாள். எதிர்வீட்டுக்காரர் பால் பாக்கெட்டோடு வந்தார்.

"என்ன சார், கிளம்பிட்டீங்களா?"

"நான் கிளம்பிட்டேன் சார். அவங்கதான் இன்னும் கிளம்பல."

மாமா கொடுத்தனுப்பிய எலுமிச்சம்பழம் ஒன்று இருக்கிறது. பேண்ட் பையில் வைக்கவில்லை. டேஷ்போர்டின் மேல், எல்லார் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறேன்.