பாதிச் சவரம்

கத்தி தொண்டைக்குழியில் இருந்தபோது முடிதிருத்துபவர் கொட்டாவி விட்டார்.

நாற்காலியில் இருந்த மருந்துக்கடைக்காரர் கைப்பிடிகளை இறுகப் பற்றிக்கொண்டார். எழுந்து ஓடலாமென்றால் கழுத்து அசையாது. மூன்று மாதமாக விடாத வலி. ராத்திரித் தூக்கம் போய், பகலில் பாதிக் கண்ணை மூடியபடிதான் மருந்து எடுத்துக் கொடுக்கிறார். தானே சவரம் செய்துகொள்ள முடியாமல்தான் இங்கே வந்து கழுத்தைக் கொடுத்திருக்கிறார்.

கண்ணாடியில் பார்த்தார். முடிதிருத்துபவரின் இமைகள் இறங்கின. கத்தியும் இறங்கியது.

"தம்பி!"

"ம்... சொல்லுங்கண்ணே."

பேச்சுக் கொடுத்தால் விழித்திருப்பார் என்று தோன்றியது. "உடம்புக்கு என்னப்பா?"

"முதுகு வலிண்ணே. தூக்கமே இல்ல. எங்க வலிக்குதுன்னா, இதோ இங்கேருந்து..."

கத்தி பிடித்த கையாலேயே காட்டினார். கத்தி கடைக்காரரின் காதை உரசாமல் உரசிப் போய்வந்தது.

"சரி சரி, புரியுது! ஃபேனை வேகமா வைப்பா."

காற்று சுகமாக வந்தது. முடிதிருத்துபவருக்கு இன்னும் சொக்கியது.

"பாட்டு போடேன்!"

ரேடியோவும் சேர்ந்து சதி செய்தது. தாலாட்டுப் பாட்டு. தலைக்கு மேல் மெல்லிய குறட்டை ஒன்று கேட்டது. வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்கூட வந்துவிட்டோமே என்று கடைக்காரர் நடுங்கினார். உயிர் தொண்டை வரைக்கும் வந்து, அங்கே கத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

"டீ! டீ சொல்லு தம்பி! நல்லா ஸ்ட்ராங்கா!"

முடிதிருத்துபவர் திடுக்கிட்டு விழித்து, கடைக்குப் பின்னால் இருந்த வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். மனைவி டீயோடு வந்தார். கூடவே ஒரு மாத்திரை. முடிதிருத்துபவர் அதை வாயில் போட்டு, டீயை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு மறுபடி கத்தியை எடுத்தார்.

கடைக்காரருக்குச் சந்தேகம் வந்தது.

"ஏம்மா, என்ன மாத்திரை அது?"

"முதுகு வலிக்குண்ணே. காலைலயும் ஒண்ணு குடுத்தேன்."

"வலி மாத்திரைன்னா தூக்கம் வருமே, அதான் நின்னுக்கிட்டே தூங்குறாரு! இதைப் பட்டப்பகல்ல போடச் சொன்ன முட்டாள் யாரும்மா?"

அந்த அம்மாள் தயங்கித் தயங்கி, முந்தானையில் முடிந்திருந்த மருந்துக் கவரை எடுத்து நீட்டினார்.

"வலியும் அடங்கும், தூக்கமும் வரும்னு நேத்து நீங்கதானேண்ணே குடுத்தீங்க? காலைல ஒண்ணு, மதியம் ஒண்ணு, ராத்திரி வேண்டாம்னு உங்க கையாலயே எழுதியிருக்கீங்களே!"